முதல் பனிப்புயலுக்குப் பிறகு அயலவரைப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் பக்கங்களில் பருவத்தின் முதல் பனி எதிர்பாராமல் அதிகமாகக் கொட்டிவிட்டால், பக்கத்து வீட்டாரைப் போய்ப் பார்ப்பது எப்படி, எதைக் கவனிப்பது, எங்கே தவறு நடக்கிறது என்பவற்றைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகள் இவை. தனிவீடு, பேஸ்மென்ட், அடுக்குமாடி எல்லாவற்றையும் மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

ஜனவரியில் இதைவிட அதிகம் கொட்டுகிறதே. ஒக்டோபர், நவம்பர்ப் பனிக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவனம்?

ஜனவரியில் வீடும் ஆளும் குளிருக்குத் தயாராகிவிடுகிறார்கள். ஒக்டோபரில் இரண்டும் தயாரில்லை. மரங்களில் இலை இருக்கும்; ஈரப்பனி அந்த இலைகளில் ஒட்டிக் கனத்து, கிளையை முறித்து மின்கம்பியின் மேல் போடும். 2006 ஒக்டோபர் 12, 13 ஆகிய இரண்டு நாட்களில் நயாகராவுக்கு அப்பால் பஃபலோவில் 57 சென்ரிமீற்றர் கொட்டியபோது இதுதான் நடந்தது. ஏறக்குறைய 4 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. சில வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேலாகியும் திரும்பவில்லை.

கோடைகால டயர் இன்னும் காரில் இருக்கும்; 7 பாகைக்குக் கீழே அந்த ரப்பர் இறுகி வழுக்கும். தோட்டத்துக் குழாயில் ஹோஸ் பூட்டியபடியே கிடக்கும். உப்பு வாங்கியிருக்க மாட்டார்கள். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் அந்த வருடத்தில் முதல் தடவையாக முழு வேகத்தில் ஓடும். பழுது இருந்தால் அன்றைக்குத்தான் தெரியவரும். செப்டம்பரில் படிக்க வந்த பிள்ளைக்கும், பேரப்பிள்ளையைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கும் சரியான சப்பாத்துக்கூட இருக்காது.

யாரை முதலில் பார்ப்பது? எந்த நேரத்தில்?

பனி நின்று இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ஒரு தடவை. இருட்டுவதற்கு முன் இன்னொரு தடவை. இரண்டாவது தடவையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆபத்து கூடுவதும் அப்போதுதான். புயல் விலகி வானம் தெளிந்தால் இரவில் குளிர் இறங்கும், பகலில் உருகிய தண்ணீர் கண்ணாடி போல உறையும். நவம்பரில் நேரம் மாற்றிய பிறகு மாலை 5 மணிக்கே இருட்டிவிடும்.

தனியாக இருக்கும் முதியவர்கள் முதலில். அடுத்தது ஒட்சிசன் இயந்திரம், டயாலிசிஸ், இன்சுலின் தேவைப்படுகிறவர்கள். பிறகு கைக்குழந்தை உள்ள வீடு, பேஸ்மென்ட் வாடகைக்காரர். பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருக்கும் முதியவர்களைப் பட்டியலில் விட்டுவிட வேண்டாம். பிள்ளைகள் காலை 6 மணிக்கு வேலைக்குப் போய், வீதி அடைபட்டு இரவு 9 மணிக்கு வருகிறார்கள் என்றால், அந்த அம்மா பகல் முழுக்கத் தனியேதான் இருக்கிறார்.

“சுகமா” என்று கேட்டால் “ஓம் தம்பி, ஒரு பிரச்சினையும் இல்லை” என்கிறார்கள். பிறகு என்ன கேட்பது?

அந்தக் கேள்விக்கு நம் ஆட்கள் வேறு பதில் சொல்வதே இல்லை. மற்றவருக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் அது. ஆகவே ஆம், இல்லை என்று முடிக்க முடியாத கேள்விகளாகக் கேளுங்கள்.

“அம்மா, தேர்மொஸ்டாட்டில இப்ப எத்தனை காட்டுது?” உலக சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை இருக்கச் சொல்கிறது. 16, 15 என்று இறங்கிக்கொண்டிருந்தால் ஃபர்னஸ் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

“ஐயா, கடைசியா எப்ப சூடா ஏதும் சாப்பிட்டனீங்கள்?” “மருந்து எத்தனை நாளைக்கு இருக்கு, ஒருக்கா எடுத்துக் காட்டுங்கோ.” “போன் சார்ஜ் எவ்வளவு நிக்குது?” “இரவு எந்த அறையில படுத்தனீங்கள்?” கடைசிக் கேள்வி நிறையச் சொல்லும். சமையலறையில் படுத்தேன் என்றால் அடுப்பை எரியவிட்டு அதன் பக்கத்தில் படுத்திருக்கலாம்.

பேசும்போது ஆளையும் கவனியுங்கள். நாக்குக் குழறுகிறதா, சொன்னதையே திருப்பிச் சொல்கிறாரா, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் விரல் தடுமாறுகிறதா? உடல் வெப்பம் 35 பாகைக்குக் கீழே போவதன் அடையாளங்கள் இவை. வயதானவர்களுக்கு நடுக்கம் வராமலேயே இது நடக்கும். “நடுங்கேல்லைத்தானே” என்று விட்டுவிடக் கூடாது. ஈர உடுப்பை மாற்றி, நெஞ்சு, கழுத்து, தலை ஆகியவற்றை முதலில் போர்த்துங்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் சூடான இனிப்புத் தேநீர் கொடுங்கள். கை காலைத் தேய்க்க வேண்டாம், மதுபானம் வேண்டாம். குழப்பம் இருந்தால் அவசர உதவி இலக்கமான 911ஐ அழையுங்கள்.

போன் எடுத்தால் போதாதா?

முதல் தடவைக்குப் போதும், ஆனால் போனில் வீட்டுக் குளிர் தெரியாது. வெளியே நின்று பார்த்தாலே சில விஷயங்கள் தெரியும். பனி நின்று அரை நாள் ஆகியும் வாசலில் ஒரு காலடிகூட இல்லை, திரைச்சீலை முதல்நாள் இருந்தபடியே இருக்கிறது, மற்ற வீடுகளின் சுவர்க் குழாயில் புகை போல ஆவி வரும்போது இந்த வீட்டில் வரவில்லை. இதில் இரண்டு சேர்ந்தால் போய்த் தட்டுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் அழைப்பு மணி அடிக்காது, கம்பியில்லாத வீட்டு போனும் வேலை செய்யாது. கையால் பலமாகத் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

தட்டியும் திறக்கவில்லை என்றால்?

பின்கதவைத் தட்டுங்கள். பிறகு அவருடைய பிள்ளைக்கோ உறவினருக்கோ அழையுங்கள். இதற்காகவே கோடையில் ஒரு இலக்கம் வாங்கி வைத்திருப்பது நல்லது. 10, 15 நிமிடத்தில் ஒருவரும் பதில் சொல்லவில்லை, ஆள் உள்ளேதான் இருக்க வேண்டும் என்று நினைக்கக் காரணம் இருக்கிறது என்றால், 911 அழைத்து, வயது, நோய், கடைசியாகப் பார்த்த நேரம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் “தமிழ்” என்ற ஒரு சொல் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். கூப்பிட்டது வீண் என்று பிறகு தெரிந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டுப் பக்கச் சுவரில் இருக்கும் இரண்டு வெள்ளைக் குழாய்களைப் பார்க்கச் சொல்கிறார்களே, அவை என்ன?

புதிய வகை ஃபர்னஸ் மூச்சு விடும் குழாய்கள் அவை. 5 முதல் 7 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பிவிசி பிளாஸ்டிக் குழாய்கள். ஒன்று காற்றை உள்ளே எடுக்கும், மற்றது எரிந்த வாயுவை வெளியே தள்ளும். பெரும்பாலும் இரண்டு வீடுகளுக்கு நடுவிலுள்ள ஒடுங்கிய நடைபாதையில், முழங்கால் உயரத்தில் இருக்கும். காற்று பனியைக் கொண்டுவந்து குவிப்பதும் அதே இடத்தில்தான். டிரைவ்வேயைத் துப்புரவாக்குகிறவர் யோசிக்காமல் பனியை எறிவதும் அங்கேதான்.

குழாய் அடைபட்டால் ஃபர்னஸில் உள்ள அழுத்த உணரி அதை நிறுத்திவிடும். சில தடவை தானாகவே எரியப் பார்த்து, முடியாமல் பூட்டிக்கொள்ளும். வீட்டுக்காரர் ஃபர்னஸ் பழுதென்று நினைத்து, மெக்கானிக்கைத் தேடிக்கொண்டு குளிரில் இருப்பார். உண்மையில் வேலை பத்து நிமிடம்தான்.

குழாயைச் சுற்றி ஒரு மீற்றருக்குப் பனியைக் கையாலோ தும்புத்தடியாலோ அகற்றுங்கள். ஷவலால் அடித்தால் குளிரில் பிவிசி வெடிக்கும். குழாயின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள், இந்தப் பருவத்தில் ஈர இலை ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு உள்ளே போய், ஃபர்னஸ் பக்கத்தில் உள்ள சுவிட்சை அணைத்து, ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். வெளியே ஆவி வரத் தொடங்கினால் சரி. சுடுதண்ணீர்த் தாங்கிக்கும் உலர்த்திக்கும் தனிக் குழாய்கள் இருக்கலாம், அவற்றையும் பாருங்கள்.

காஸ் மீற்றரையும் தும்புத்தடியால் மட்டும் துடையுங்கள். அழுகிய முட்டை மணம் வந்தால் லைட் சுவிட்சைக்கூடத் தொடாமல் எல்லாரையும் வெளியே கூட்டிவந்து, தூரத்தில் நின்று 911 அழையுங்கள்.

காஸ் ஃபர்னஸ்தானே, மின்சாரம் போனாலும் ஓடாதா?

ஓடாது. பற்றவைப்பதும், சூட்டை வீடெங்கும் ஊதுவதும் மின்சாரத்தில்தான். புதிதாக வந்தவர்கள் பலருக்கு இது தெரியாது.

அப்படியானால் மின்சாரம் இல்லாத இரவில் வீட்டை எப்படிச் சூடாக வைப்பது?

எல்லாரும் ஒரே அறைக்கு வர வேண்டும். சின்ன அறை, யன்னல் குறைந்த அறை நல்லது. கதவுக்குக் கீழே துவாயை உருட்டி வையுங்கள், பகலில் வெயில் விழும் யன்னலின் திரையை மட்டும் திறந்துவிட்டு இருட்டியதும் மூடுங்கள். ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட இரண்டு மூன்று மெல்லிய உடுப்பு மேலானது. தொப்பியும் காலுறையும் படுக்கும்போதும் வேண்டும்.

கரி அடுப்பு, பார்பிக்யூ, முகாம் அடுப்பு, ஜெனரேட்டர் எதுவும் வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ கூடாது. கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் கூடாது. ஊரில் கரியடுப்பும் மண்ணெண்ணெய்க் குக்கரும் வீட்டுக்குள்தான் எரிந்தன, ஒன்றும் ஆகவில்லையே என்று பெரியவர்கள் கேட்பார்கள். அங்கே ஓட்டு இடுக்கு, கூரை இடைவெளி, திறந்த யன்னல் எல்லாம் காற்றைப் போகவிட்டன. இங்கே வீடு காற்றுப் புகாதபடி அடைத்துக் கட்டப்பட்டது. கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை எடுத்துவிடும். காஸ் அடுப்பில் சமைப்பது வேறு, அதைச் சூட்டுக்காக இரவெல்லாம் எரியவிடுவது வேறு. கரித்துண்டில் சாம்பிராணி போடுவதையும் அன்றைக்கு விடுங்கள்.

ஜெனரேட்டர் கதவு, யன்னலிலிருந்து குறைந்தது 6 மீற்றர் தள்ளி, புகை உங்கள் வீட்டுப் பக்கமும் அயல் வீட்டுப் பக்கமும் திரும்பாதபடி இருக்க வேண்டும். அயலவரின் சுவர்க் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தால் புகை அவர்கள் வீட்டுக்குள் போகும்.

ஒரு வீட்டுக்கு மின்சாரம் இருக்கிறது, அயல் வீட்டுக்கு இல்லை. வயர் இழுத்துக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். வெளிப்பாவனைக்கான தடித்த நீட்டிப்பு வயராக, 14 அல்லது அதைவிடத் தடித்த 12 கேஜாக இருக்கட்டும். வீதியைக் குறுக்கே கடக்க வேண்டாம், பனி அள்ளும் லொறி இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரே பக்கத்து வீடுகளுக்குள் மட்டும்.

கணக்கு இதுதான்: 1500 வாட் ஹீட்டர் ஒன்று 12.5 அம்பியர் இழுக்கும். 15 அம்பியர் இணைப்பில் அது ஒன்றே போதும், வேறு எதையும் பூட்டக் கூடாது. மெல்லிய வயரில் பூட்டினால் வயர் சூடாகி உருகும். ஒட்சிசன் இயந்திரம் ஏறக்குறைய 350 வாட், போன் சார்ஜர் மிகக் குறைவு. வயர் கொடுப்பது இவற்றுக்கே என்று வைத்துக்கொள்வது நல்லது. சுவர்ச் சொக்கெற்றுக்குள் மின்சாரத்தைத் திருப்பி ஊட்ட ஒருபோதும் முயல வேண்டாம். வெளியே கம்பி திருத்துகிறவரின் உயிர் போகும்.

அலாரம் இடைக்கிடை சத்தம் போடுகிறது. எதற்கு பயப்பட வேண்டும்?

அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒரு சின்னக் கீச் என்றால் பற்றரி முடிகிறது. மூன்று மூன்றாக அடித்தால் புகை. நான்கு நான்காக அடித்தால் கார்பன் மொனொக்சைட். நான்கு என்றால் எல்லாரும் வெளியே, பிறகு 911. யன்னலைத் திறந்துவிட்டு உள்ளேயே இருப்பது பிழை.

அலாரம் இல்லாவிட்டால் ஆட்களைப் பார்த்து அறியலாம். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, வயிற்றுப் பிரட்டல், ஆனால் காய்ச்சல் இல்லை, வெளியே வந்தால் குறைகிறது. அயல்வீட்டில் இப்படிக் கேள்விப்பட்டால் பனடோல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள், ஆட்களை வெளியே எடுங்கள். காஸில் ஓடும் ஃபர்னஸ், சுடுதண்ணீர்த் தாங்கி உள்ள ஒன்ராறியோ வீடுகளில் படுக்கையறைப் பக்கத்தில் இந்த அலாரம் இருக்க வேண்டும் என்பது 2014 முதல் சட்டம். அயலவருக்குக் கொடுக்க ஒரு நல்ல பொருள் எது என்று யாராவது கேட்டால், இதைத்தான் சொல்வோம்.

இன்சுலின், மருந்து விஷயத்தில் என்ன தவறு நடக்கிறது?

ஃபிரிட்ஜ் ஓடவில்லை, வெளியே குளிர்தானே என்று இன்சுலினைப் பல்கனியிலோ யன்னல் விளிம்பிலோ வைத்துவிடுகிறார்கள். உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது, எறிய வேண்டியதுதான். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை வேண்டும், மூடிய ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும். பாவனையில் உள்ள பேனா அறை வெப்பத்தில் இருந்தால் போதும். பெரும்பாலானவை 28 நாள் தாங்கும். வீடு மிகவும் குளிர்ந்தால் சட்டைக்கு உட்பையில் வையுங்கள். சீனி பார்க்கும் மீற்றரும் குளிர்ந்துபோனால் பிழை காட்டும், கையில் சூடாக்கிவிட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு: திறக்காத ஃபிரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃபிரீசர் 48, பாதி நிறைந்தது 24.

கந்தசஷ்டி விரத நேரத்தில் புயல் வந்தால்?

ஐப்பசியில் வருவதால் இது உண்மையாகவே நேர்கிறது. ஆறு நாளும் பாலும் பழமும், சிலர் தண்ணீர் மட்டும். வெறும் வயிற்றில் உடலால் போதிய சூட்டை உண்டாக்க முடியாது. நீரிழிவு உள்ளவருக்குச் சீனி இறங்கினால் வரும் குழப்பமும் குளிரில் வரும் குழப்பமும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். விரதகாரர் தனியாக இருந்தால் ஒரு நாளைக்கு மூன்று தடவை பாருங்கள். சூடான பால், தேநீர், சீனி பற்றி மென்மையாகச் சொல்லுங்கள். முருகன் கோபிக்க மாட்டார்.

அயலவரின் டிரைவ்வேயை யார் அள்ளுவது?

50 வயதுக்கு மேற்பட்டவர், இதயநோய், இரத்த அழுத்தம் உள்ளவர் அள்ளக் கூடாது, உதவிக்கு வருகிறவராக இருந்தாலும். 6 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலமான டிரைவ்வேயில் 20 சென்ரிமீற்றர் ஈரப்பனி விழுந்தால் ஏறக்குறைய 700 கிலோ. கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்ததில், 20 சென்ரிமீற்றர் கொட்டிய மறுநாள் ஆண்களுக்கு மாரடைப்பு 16 வீதமும், அதனால் இறப்பு 34 வீதமும் கூடியிருந்தது.

ஈரப்பனியை முழு ஷவலாக அள்ளாமல் பாதியாக அள்ளுங்கள், முடிந்தவரை தூக்காமல் தள்ளுங்கள். பெரிய புயலென்றால் ஒவ்வொரு 5, 8 சென்ரிமீற்றருக்கும் ஒரு தடவை தள்ளிவிடுவது மிகவும் இலகு. நேரமில்லாவிட்டால் முழு டிரைவ்வேயையும் விட்டுவிட்டு, வாசலிலிருந்து வீதி வரை ஸ்ட்ரெச்சர் போகும் அகலத்துக்கு, அதாவது ஒரு மீற்றருக்கு, ஒரு பாதை வெட்டுங்கள். அம்புலன்ஸ்காரருக்கு அது போதும். தீயணைப்புக் குழாய் உங்கள் வளவுக்கு முன் இருந்தால் அதைச் சுற்றியும் ஒரு மீற்றர்.

காரைத் தட்டித் துடைக்கும் முன்பே ஸ்டார்ட் செய்து பிள்ளைகளை உள்ளே இருத்தாதீர்கள். புகைக்குழாய் பனியில் புதைந்திருந்தால் நஞ்சு உள்ளே வரும். குழாயை முதலில் தோண்டி எடுங்கள்.

உப்பு எவ்வளவு?

ஒரு கோப்பிக் கோப்பை, 350 கிராம் அளவு, ஒரு கார் நிற்கும் டிரைவ்வேக்குப் போதும். பனியை அள்ளிய பிறகு போட வேண்டும், மேலே கொட்டினால் வீண். சாதாரண உப்பு -10 பாகைக்குக் கீழே பெரிதாக வேலை செய்யாது. கடையில் முடிந்துவிட்டால் மணல் தூவுங்கள். உருக்காது, ஆனால் வழுக்காது.

பேஸ்மென்ட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஏதாவது?

கீழே இறங்கும் வெளிப்படி ஒரு கிணறு மாதிரி. பனி அதில் நிறைந்தால் வெளிக்கதவு திறக்காது. தீப்பிடித்தால் அவர்களுக்கு வேறு வழியில்லை. மேல்வீட்டுக்காரர் முதலில் துப்புரவாக்க வேண்டியது அந்தப் படியைத்தான், காரை அல்ல. படியின் அடியில் ஒரு வடிகால் இருக்கும். இலை அடைத்திருந்தால் மறுநாள் பனி உருகும்போது தண்ணீர் கதவால் உள்ளே வரும்; கையுறை போட்டு இலையை அள்ளுங்கள். யன்னல் கிணறுகளும் அப்படியே.

வாடகைக்கு இருப்பவர் ஹீட்டிங் கூட்டச் சொல்லத் தயங்குவார். ரொறன்ரோவில் குளிர் மாதங்களில் வீட்டுக்காரர் குறைந்தது 21 பாகை கொடுக்க வேண்டும் என்பது நகரச் சட்டம், முறையிட நகரசபையின் 311 இலக்கம்.

அடுக்குமாடியில்?

மின்சாரம் போனால் லிப்ட் நிற்கும். மேல்மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பும் நிற்கும், பலர் இதை எதிர்பார்ப்பதில்லை. புயல் எச்சரிக்கை வந்ததும் வாளிகளிலும் குளியல் தொட்டியிலும் நிரப்புங்கள். ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு பேர் சேர்ந்து கதவு கதவாகத் தட்டுவது நல்ல முறை. பார்த்த கதவின் கைப்பிடியில் ஒரு சின்ன நூலோ கடதாசியோ கட்டிவிட்டால் ஒரே கதவை நாலு பேர் தட்ட வேண்டியதில்லை.

தோட்டத்துக் குழாயைப் பற்றி ஏன் எல்லாரும் சொல்கிறார்கள்?

ஹோஸ் பூட்டியிருந்தால் தண்ணீர் குழாய்க்குள் நின்று உறைந்து, சுவருக்குள்ளே வெடிக்கும். உருகும் நாளில்தான் பேஸ்மென்ட் நனையும். ஹோஸைக் கழற்றி, உள்ளே அந்தக் குழாய்க்கான வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்து வடியவிடுங்கள். வால்வின் பக்கத்தில் உள்ள சின்ன மூடியைச் சற்றுத் திருகினால் மிச்சத் தண்ணீரும் போகும். அயலவர் ஊருக்குப் போயிருந்தால் இதை அவருக்குப் போனில் கேட்டுச் செய்துகொடுங்கள்.

முறிந்த கிளை, அறுந்த வயர்?

வயரிலிருந்து 10 மீற்றர் தள்ளி நில்லுங்கள், அசையாமல் கிடந்தாலும். வயரில் தொட்டபடி இருக்கும் கிளையும், வேலியும் வயர் மாதிரித்தான். 911.

எந்த இலக்கத்துக்கு எது?

உயிராபத்துக்கு 911. வீதி, மரம், வாடகைவீட்டு ஹீட்டிங் போன்ற நகர விஷயங்களுக்கு ரொறன்ரோவில் 311. சூடாகத் தங்க இடம், சாப்பாடு, முதியோர் உதவி எங்கே கிடைக்கும் என்று அறிய 211. வைத்தியரிடம் போக வேண்டுமா என்ற சந்தேகத்துக்கு ஒன்ராறியோவில் 811, தாதி ஒருவர் கதைப்பார். இந்த நாலையும் பெரிய எழுத்தில் எழுதி அம்மாமாரின் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

உதவி வேண்டாம் என்று கதவை மூடிவிடுகிறார்களே?

வற்புறுத்த வேண்டாம், ஒரு வேலையைக் கேளுங்கள். “அன்ரி, எங்கட வீட்டு கெற்றில் ஓடேல்லை, ஒரு தேத்தண்ணி தருவீங்களோ?” என்றால் கதவு திறக்கும். உள்ளே போனதும் வீட்டுச் சூடு முகத்தில் தெரிந்துவிடும். போகும்போது ஒரு ஃபிளாஸ்கில் சூடான ரசமோ கஞ்சியோ கொண்டுபோய், “ஃபிளாஸ்கை நாளைக்கு வந்து எடுக்கிறன்” என்று சொல்லிவிட்டு வாருங்கள். மறுநாளும் போகக் காரணம் கிடைத்துவிடும்.